வண்டிப்பேட்டைக் கல்

சாரலுக்கு ஒதுங்க வந்தவள் என்றுதான் நாறும்பூநாதன் முதலில் நினைத்தான். அவன் பேக்கரிக்குள் நுழைந்த ஹைருன் பீவி, குடையை மடக்கக்கூட மறந்து, மூலை மேஜையில் டீ குடித்துக்கொண்டிருந்த அவன் அக்காவின் எதிரே போய் நின்றாள்.

“இன்ஸ்பெக்டரம்மா, மத்தியானம் எல்லை பாக்க ஆர்.டி.ஓ. வருதாரு. அதோட எங்க பொட்டல் போச்சு.”

லோகநாயகி போலீஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவள். அந்த ஓய்வு அவளுக்குப் பிடித்திருந்தது, தம்பிக்குத்தான் பிடிக்கவில்லை. கேக்குக்கு க்ரீம் பூசுவதைவிடத் துப்பறிவதே தன் தலையில் எழுதியிருக்கிறது என்று நம்புகிறவன் அவன். நாற்காலியை அவனே இழுத்துப் போட்டான்.

ஐந்தருவிக்குப் போகிற வழியில் ஹைருன் பீவியின் ஊர். ஊரை ஒட்டி வண்டிப்பேட்டைப் பொட்டல். செங்கோட்டை வழியாக மலையாளத்துக்குச் சரக்கு ஏற்றிப் போன மாட்டுவண்டிகள் அந்தக் காலத்தில் இளைப்பாறிய இடம். இன்றைக்கு ஊர் மாடுகள் மேய்வதும், பெருநாள் தொழுகை நடப்பதும், கோயில் கொடை விழாவுக்குப் பந்தல் போடுவதும் அங்கேதான். அதில் சொகுசு விடுதி கட்ட ஒரு கம்பெனி வந்துவிட்டது. ஊருக்கு இருந்த ஒரே பிடி ஒரு பழைய கல். ‘இக்கல்லுக்கு மேற்கே வழிப்போக்கருக்கும் மாடுகளுக்கும்’ என்று அதில் வெட்டியிருக்கிறது.

“கல்லு கெழக்கு ஓரத்துல இருந்துச்சும்மா. போன வாரம் விடாத மழை, யாரும் அந்தப் பக்கம் போகல. வெறிச்சப்புறம் போயிப் பாத்தா மேக்கு ஓரத்துல நிக்குது! இப்பக் கல்லுக்கு மேக்க வெறும் ஓடைதான். பொட்டல் பூராவும் கம்பெனிக்குன்னு ஆயிருது.”

“ஊர்க்காரங்க சாட்சி சொன்னா?”

“‘எதுத்து நிக்குத நீங்க வேற என்ன சொல்லுவீங்க’ன்னு ஆபீசுல கேக்காங்க. போட்டோவுல கல்லு தெரியுது, எடம் தெரியல. பழைய குழி மேல இரும்பு கேட்டு வைக்கோம்னு காங்கிரீட்டும் போட்டுட்டானுவ. என் மாடுகள எங்கன கொண்டுபோயிக் கட்டுவேன்? அவுக மவுத்தானதுக்கப்புறம் அதுகதானே எனக்குச் சோறு போடுது?” சொல்லும்போதே அழுதுவிட்டாள்.

லோகநாயகி டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தாள்.

பொட்டலில் ஊரே திரண்டிருந்தது. கல்லை நோக்கி மூன்று பேர் நடந்து வந்தார்கள். முதலில் வந்தவர் ஜெஸ்வின், விடுதிக் கம்பெனியின் மேலாளர், கொல்லத்துக்காரர், முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ். யாசர் துபாயிலிருந்து திரும்பிப் பக்கத்து வயலைக் கம்பெனிக்கு விற்றவன், சொந்தமாக ஜே.சி.பி. வைத்திருப்பவன். மூன்றாமவர் முத்துராமலிங்கம், போராட்டக் குழுத் தலைவர். அவர் மகன் வேல்ராஜ் கூட்டத்தோடு நின்றான். கம்பெனி வண்டியை மறித்துப் படுத்ததற்காக அவன் மேல் ஒரு வழக்கு இருந்தது.

“சேச்சி, கல்லு எப்பவும் இவிடதன்னே” என்றார் ஜெஸ்வின், யாரும் கேட்பதற்கு முன்பே.

“பொய்!” என்று கத்தினாள் ஹைருன் பீவி. “யாசர் ஜே.சி.பி.ய வச்சுத்தான் நகத்திருக்கானுவ.”

“என் வண்டி ரிப்பேராகிச் செங்கோட்டை ஒர்க்‌ஷாப்புல கெடக்கு. வேணும்னா போயிப் பாத்துக்கிடுங்க” என்றான் யாசர். அவன் செருப்பு சேற்றில் சிக்கி வார் அறுந்துபோயிருந்தது. இழுத்து இழுத்து நடந்து வந்து கல்லில் சாய்ந்துகொண்டான்.

முத்துராமலிங்கம் கல்லுக்குக் கொஞ்சம் தள்ளியே செருப்பைக் கழற்றிவிட்டு, வெறுங்காலோடு வந்து நின்றார்.

“அண்ணாச்சி விவரமான ஆளுக்கா. சேத்துல செருப்பு பாழாயிரும்லா” என்று நாறும்பூநாதன் அக்காவின் காதில் சொன்னான்.

லோகநாயகி அந்தச் செருப்பைப் பார்த்தாள். பிறகு குனிந்து கல்லின் அடியைப் பார்த்தாள். ஈர மண்ணைப் பிளந்துகொண்டு பச்சையாகச் சில முளைகள் எட்டிப் பார்த்தன.

“புல்லுதானக்கா” என்றான் தம்பி.

“புல்லா? நல்லாப் பாருலே. இது பாசிப்பயறு, இது உளுந்து, இது நெல்லு. மாடு மேயுத பொட்டல்ல இது மூணும் ஒரே எடத்துல எப்படி முளைச்சுது?”

குச்சியால் கிளறினாள். கொள்ளும் எள்ளும் மஞ்சள் துண்டுமாக வெளியே வந்தன.

“நவதானியம்!” என்றது கூட்டம்.

“சாமிக்கல்லு நடும்போது குழியில போடுதது. இப்பத்தான் முளைக்குதுன்னா கல்ல நட்டு ஒரு வாரங்கூட ஆகல. ஜெஸ்வின் சார், எப்பவும் இங்கதான் இருந்துச்சுன்னீங்களே?”

ஜெஸ்வின் போனைக் காதில் வைத்துக்கொண்டு நகர்ந்தார்.

“கம்பெனி ஆளுங்களுக்கு இது வெறும் கல்லு. அவங்க நவதானியம் போட மாட்டாங்க. யாசர் அதுமேல சாய்ஞ்சுக்கிட்டு நிக்குதான். ஊர்க்காரங்களுக்கும் இது மாடு முதுகு தேய்க்குத கல்லுதான். இதுக்கு முன்னாடி யாரும் செருப்பக் கழட்டுனதில்ல. இன்னைக்கு ஒருத்தர் மட்டும் கழட்டிருக்காரு. சேத்துக்குப் பயந்து இல்ல. அவர் செருப்புல அப்பியிருக்க சேத்தப் பாருங்க. அவ்வளவு தூரமும் போட்டுக்கிட்டே நடந்து வந்து, கல்லுக்கிட்டதான் கழட்டிருக்காரு. தானே சாமியாக்கி நட்ட கல்லு முன்னால அவரால செருப்புக் காலோட நிக்க முடியல.”

எல்லோரும் முத்துராமலிங்கத்தைப் பார்த்தார்கள். அவர் கல்லைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

“எம் மவன் போலீசு செலக்‌ஷன்ல பாஸாயிட்டான். கேஸு இருந்தா வேல கெடைக்காது. கல்ல நகத்துனா கேஸ வாபஸ் வாங்குதோம்னு சொன்னானுவ. பிடுங்குனது நான், தூக்குனது அவனுவ வண்டி. குழியில தூக்கி எறியப் பாத்தானுவம்மா. மனசு கேக்கல. நான் நடுதேன்னுட்டேன்.”

“எங்க வயித்துல அடிச்சிட்டீயளே, அண்ணாச்சி!” ஹைருன் பீவி அவர் முன்னால் வந்து நின்றாள். “உங்க பின்னாலதானே நாங்க எல்லாரும் நின்னோம்?”

சாலையில் ஜீப் வரும் சத்தம் கேட்டது.

லோகநாயகி அவர் அருகில் குனிந்தாள். “முளையக் காட்டுனா கல்லு புதுசா நட்டதுன்னு ஆர்.டி.ஓ. ஒத்துக்கிடுவாரு. எங்க இருந்து வந்துச்சுன்னு சொல்ல முளைக்கு வாய் இல்ல. நீங்க சொன்னா மவன் கேஸு அப்படியே நிக்கும். உங்க மேலயும் ஒண்ணு வரும். சொல்லுததும் சொல்லாததும் உங்க இஷ்டம்.”

முத்துராமலிங்கம் மகனைப் பார்த்தார். வேல்ராஜுக்கு இதெல்லாம் இப்போதுதான் தெரியும் என்பது அவன் முகத்திலேயே இருந்தது.

அவர் எழுந்தார். ஜீப்பைப் பார்த்தபடி பொட்டலின் குறுக்கே வெறுங்காலோடு நடந்து, கிழக்கு ஓரத்தில் புது காங்கிரீட்டின் மேல் ஏறி நின்றார். ஆர்.டி.ஓ. இறங்குவதற்குள் சத்தமாகச் சொன்னார்:

“கல்லு இங்கனதான் சார் இருந்துச்சு. கம்பெனிக்காரனுவ சொல்லித்தான் பிடுங்குனேன். பிடுங்குனது நான்தான். இத உடைச்சுப் பாருங்க, குழி தெரியும்.”

ஹைருன் பீவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பொட்டல் பிழைத்துவிட்டது என்று சந்தோஷப்படக்கூட அங்கே ஒருவராலும் முடியவில்லை. ஜீப்பிலிருந்து ஒரு கான்ஸ்டபிள் இறங்கி முத்துராமலிங்கத்தின் அருகே போய் நின்றான்.

வேல்ராஜ் கல்லின் பக்கமாக வந்து, அப்பாவின் செருப்பை எடுத்தான். அப்பியிருந்த சேற்றைக் கையாலேயே வழித்துப் போட்டான். பொட்டலைக் கடந்து போய் அதை அவர் காலடியில் வைத்தான்.

“போட்டுக்கிடுங்கப்பா. ஸ்டேஷனுக்குப் போகணும்லா.”