இரு முனையிலும் மனிதர்

காலை ஒன்பது மணிக்குள் குற்றாலிங்கத்தின் குரல் பதினொரு பேரிடம் பேசி முடித்திருந்தது. குற்றாலிங்கம் இன்னும் பல்கூடத் துலக்கவில்லை.

அந்தக் காலத்தில் இதில் அதிசயம் ஒன்றுமில்லை. அநேகமாக எல்லோரிடமும் ஒரு குரல்பதிலி இருந்தது. முதல் மணியிலேயே அழைப்பை எடுத்து, உரியவரின் குரலில், உரியவரைவிட நிதானமாகப் பேசி, சுருக்கத்தையும் எழுதி வைத்துவிடும். அந்தச் சுருக்கத்தை யாரும் படிப்பதில்லை என்பது வேறு விஷயம்.

நிலவின் முதுகுப்பக்கம், பனி வெட்டும் நிறுவனம் ஒன்றின் தொலைபேசி நிலையத்தில் எட்டு மாதமாக அவன் ஒருவன்தான். எல்லைக்காவலன்களை நிறுவுவது அவன் வேலை. நிறுவனத்தின் தொலைபேசிகளுக்கும் வெளியுலகத்துக்கும் நடுவே நின்று, வருகிற ஒவ்வொரு அழைப்பையும் விசாரித்து உள்ளே விடும் பெட்டிகள் அவை. மூன்று பெட்டிகளைக் கூட்டாகக் கட்டியிருந்தான். ஒன்று செத்தால் மற்ற இரண்டும், பேச்சு அறுபடாமல், அதன் சுமையை வாங்கிக்கொள்ள வேண்டும். அதற்காக அவை நொடிக்கொரு முறை ஒன்றையொன்று ‘இருக்கிறாயா?’ என்று கேட்டு, ‘இருக்கிறேன்’ என்று பதில் சொல்லிக்கொண்டன. நிலையத்தில் நலம் விசாரிக்கப்படாத ஒரே ஜீவன் குற்றாலிங்கம்தான்.

ஒரு சோதனைதான் பாக்கி. அழைப்பு நடக்கும்போதே ஒரு காவலனை அணைக்க வேண்டும். பேச்சு பத்து நிமிடம் தாங்க வேண்டும். இரு முனையிலும் மனிதர்கள் இருக்க வேண்டும் என்பது ஒப்பந்த விதி. பதிலிகளோ, பேச்சு அறுந்தாலும் தாங்களே ஒட்டவைத்துக்கொண்டு புகாரே சொல்வதில்லை. முனையில் இருப்பது மனிதரா என்பதைப் பேசுகிற விதத்தை வைத்துக் காவலன்களே தீர்மானிக்கும். தேறினால் இன்று மாலைக் கப்பலில் ஊர். தேறாவிட்டால் இன்னும் நான்கு மாதம் இதே சுவர்கள்.

மதியத்துக்குள் தெரிந்தவர்கள் நூற்றுநாற்பது பேரைக் கூப்பிட்டான். “அண்ணாச்சி! நல்லா இருக்கீங்களா? சின்னதா ஒரு வேலை, முடிச்சிட்டு நானே கூப்பிடுதேன்” என்று நூற்றுநாற்பது பதிலிகள் பாசமாகச் சொல்லின.

சலித்துப்போய், எட்டு மாதத்தில் முதல் முறையாகத் தன் பதிலியின் குறிப்புகளைப் புரட்டினான். ‘பிரமநாயகி, தென்காசி. தினமும் அழைக்கிறார். அவரிடம் பதிலி இல்லை.’

அவன் அக்கா! உடனே கூப்பிட்டான்.

“ஏலே, நீயா கூப்பிடுதே? மழைதான் வரப்போகுது!”

“சும்மாதாங்க்கா. ஒரு பத்து நிமிஷம் பேசு.”

அக்காவுக்குப் பேசச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. அவன் கண் மூன்று விளக்குகளின் மேல் இருந்தது. மூன்றாம் நிமிடம் ஒரு காவலனை அணைத்தான். விளக்கு செத்தது, குரல் சாகவில்லை.

“நாளைக்குக் கண்ணு ஆபரேஷன்லா.”

“ம்.”

“டாக்டரு நேத்துதான் மீசை முளைச்ச மாதிரி இருக்கான்.”

“சரி, சரி.”

“இந்தக் கண்ணும் போச்சுன்னா தட்டித் தடவித்தான் நடக்கணும்.”

“ம்... நல்லது.”

“நல்லதா? என்னலே ஒரு மாதிரி பேசுதே? நேத்து நல்லாத்தான இருந்தே?”

எப்படியோ பதினொரு நிமிடம் இழுத்துவிட்டான். அவள் வைத்ததும் திரையில் தீர்ப்பு வந்தது: ‘தேறவில்லை. அழைத்த முனையில் இயந்திரம்.’

“நான் மனுசன்டா!” என்று பெட்டிகளைப் பார்த்துக் கத்தினான். அவை மறுக்கவில்லை. ஒன்றையொன்று நலம் விசாரிப்பதில் மும்முரமாக இருந்தன. அணைத்ததை மறுபடி உயிர்ப்பித்துவிட்டுத் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான்.

கப்பலுக்கு இரண்டு மணி நேரம் இருக்கும்போது மணி அடித்தது. அவன் கை போவதற்குள் பதிலி எடுத்துவிட்டது.

“யக்கா, சாப்பிட்டியா?”

“ஆச்சு. மத்தியானம் எவனோ உன் குரல்ல பேசினாம்லே. ஒண்ணுக்கும் காது குடுக்கல, எருமமாடு.”

“விடு, கெடக்கான். நாளைக்குத்தான ஆபரேஷன்? பயமா இருக்கா?”

“ஆமாலே” என்றாள் அக்கா. குரல் உடைந்திருந்தது. “யாருமே கேக்கல.”

குறுக்கே புகும் பொத்தானில் குற்றாலிங்கம் விரலை வைத்தான். புகுந்து என்ன சொல்வது என்று யோசித்தான். ‘ம்’ தவிர ஒன்றும் தோன்றவில்லை. விரலை எடுத்து, வந்த வேலையைப் பார்ப்போம் என்று ஒரு காவலனை அணைத்தான். பேச்சு அறுபடவில்லை. பதிலி டாக்டரின் மீசையைப் பற்றி ஏதோ கேட்க, அக்கா மூக்கை உறிஞ்சியபடி சிரித்தாள்.

பத்தாம் நிமிடம் திரை ஒளிர்ந்தது: ‘தேறியது. இரு முனையிலும் மனிதர். நிலையத்தில் உள்ள மனிதர் ஊர் திரும்பலாம்.’

பையைத் தூக்கிக்கொண்டு வாசல்வரை வந்தபிறகும், அது யாரைச் சொல்கிறது என்று அவனுக்குத் தெளிவாகவில்லை. உள்ளே அக்கா இன்னும் பேசிக்கொண்டிருந்தாள்.