ஈரத்தின் மேல் விரல்கள்

மார்ச் பதினேழாம் தேதி காலை, மருத்துவமனையின் மூன்றாம் மாடி ஏழாம் அறையில் இருந்த முதியவர் இறந்தார். உடலை எடுத்துச் சென்றபின் தூய்மை ஆய்வாளர் உள்ளே போய், கட்டில் கம்பி, சுவிட்ச், மேசை விளிம்பு என்று கைபடும் இடங்களில் நிறமில்லாத பசையைப் பொட்டுப் பொட்டாக வைத்தாள். ஒழுங்காகத் துடைத்தால் பசை போய்விடும். துடைக்காமல் விட்டால் புற ஊதா விளக்கில் ஒளிரும்.

ஒன்பதாம் அறையில் அவள் தம்பி இருந்தான். எலும்பு மஜ்ஜை மாற்றியிருந்தார்கள்; உடம்பில் எதிர்ப்புச் சக்தி மிச்சமில்லை. ஒரு அழுக்குக் கை போதும்.

மதியம் துப்புரவுக்கார அம்மா ஏழாம் அறையை முடித்துவிட்டு அவளைக் கூப்பிட்டாள்.

"நல்லாப் பாருங்க மேடம். என் வீட்டைக்கூட இப்படித் துடைச்சதில்ல. மருமக பார்த்தா சண்டைக்கு வருவா."

ஆய்வாளர் சன்னல் திரையை இழுத்துவிட்டுப் புற ஊதா விளக்கைப் போட்டாள். கிருமிநாசினியின் காரம் மூக்கில் ஏறியது. அதற்கும் அடியில், ஈரத்துணியை நெடுநாள் மூடிவைத்தது போன்ற ஒரு வாடை மெல்ல எழுந்து தொண்டையில் தங்கியது. பொட்டுகள் எல்லாம் போயிருந்தன. கட்டில் கம்பியில் மட்டும் நான்கு விரல்கள் ஒளிர்ந்தன. துடைத்த ஈரம் காயவில்லை. ஈரத்தின் மேல் ரேகைகள்.

"கையுறை போடலையா?"

"போட்டுக்கிட்டுதானே நிக்கிறேன்!"

கதவின் உள்கைப்பிடியிலும் அதே விரல்கள். வெளியே நடைக்கூடத்தின் சுவர்க்கம்பியிலும். இடம் மாறி மாறிக் கை படப்படப் பசை மங்கத்தான் வேண்டும். இது ஒவ்வொரு பிடியிலும் கூடுதலாக ஒளிர்ந்தது. எட்டாம் அறையைத் தொடவில்லை.

ஒன்பது.

"மறுபடியும் வந்துட்டியா?" தம்பி கண் திறக்காமல் சிரித்தான். "இப்பதானே நெத்தியைத் தடவிட்டுப் போன? கை ஐஸ் மாதிரி இருந்துச்சுக்கா."

காலையிலிருந்து அவள் அங்கே வரவில்லை.

விளக்கு. நெற்றி. கன்னம். கழுத்து.

"என்னக்கா, மூஞ்சில ஏதாவது ஒட்டியிருக்கா?"

"ஒன்னுமில்லடா."

துடைத்தாள். போகவில்லை. மீண்டும் துடைத்தாள். தோல் சிவந்தது. விரல்கள் அப்படியே இருந்தன.

இரவு காய்ச்சல் வந்தது. பத்தொன்பதாம் தேதி மதியம் தம்பி இறந்தான்.

அவனை எடுத்துச் சென்றபின் அவள் நடைக்கூடத்தில் புற ஊதா விளக்கைப் போட்டாள். பத்தாம் அறையின் கைப்பிடியில் இரண்டு பேருடைய விரல்கள் ஒளிர்ந்தன. உள்ளே ஒரு பெண் போனில் யாரிடமோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள்.