ஆறே எல்லை

காலையில் அடுப்பு மூட்டுவதற்கு முன்பு சுவர்ப்பேசியிடம் கேட்போம்: "இன்னிக்கு நாம எந்த மாவட்டம்?" வடரஷ்யாவின் இந்தக் கிராமத்தில் அதுதான் வழக்கம். கடல் நாகப்பட்டினத்தை விழுங்கியபின் எங்களை இங்கே குடியமர்த்தினார்கள்.

"நீஸினோ," என்றது அன்று. நீஸினோவில் ஆஸ்பத்திரியே கிடையாது.

ஆற்றுக்குக் கிழக்கே வெர்க்னோ, மேற்கே நீஸினோ என்று எந்தக் காலத்திலோ ஓர் அதிகாரி எழுதிவைத்தார். மாவட்டங்களைக் கலைத்தார்கள், இணைத்தார்கள், மறுபடி பிரித்தார்கள். அந்த வரியை மட்டும் ஒருவரும் தொடவில்லை. பிறகு நிலத்தடிப் பனி உருகி ஆறு நினைத்த பக்கமெல்லாம் ஓடியது. ஒரு வரியைத் திருத்த வக்கில்லாத தலைநகரம், செயற்கைக்கோளில் ஆற்றைப் பார்த்து அன்றாடம் எல்லை போடும் எல்லைக்கணியைக் கொண்டுவந்தது. முந்தின இரவு பனிக்கட்டி அடைத்து, அதுவரை ஊருக்கு மேற்கே ஓடிய ஆறு கிழக்கே திரும்பிவிட்டது.

என் கணவர் அறவாழி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தது அன்றைக்குத்தானா!

வெர்க்னோ ஆஸ்பத்திரியின் ஆளில்லா மீட்பூர்தி பறந்து வந்து அக்கரையிலேயே நின்றது. ஆற்றில் பனிப்பாளங்கள் மோதிக்கொண்டிருந்தன, படகு இறங்காது.

"நோயாளி நீஸினோ மாவட்டத்தில் இருக்கிறார்," என்றது சுவர்ப்பேசி வழியாக.

"பறக்கத்தானே செய்யுற? ஒரு எட்டு வந்தா என்ன கேடு உனக்கு?"

"எல்லை கடக்க அனுமதி இல்லை."

பக்கத்து வீட்டு வேரா எங்களோடு பழகித் தமிழ் பேசுபவள். "அக்கா, என் பொக்லைன எடு. ஆத்தத் திருப்பு. மாமாவ நான் பாத்துக்கறேன்," என்றாள்.

ஆற்றின் பழைய தடம் மேற்கே, வேரா வீட்டையும் தாண்டி இருந்தது. அவ்வளவு தூரம் வெட்டிப் போகும்வரை அவர் தாங்கமாட்டார். எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவிலிருந்த பள்ளத்துக்குக் கரையை வெட்டிவிட்டேன். எழுதியவன், கலைத்தவன், இணைத்தவன் எல்லார் மண்டையிலும் விழட்டும் என்றுதான் ஒவ்வொரு வெட்டும் போட்டேன். ஆறு பள்ளத்தில் பாய்ந்தது. எல்லை நகர்ந்தது. மீட்பூர்தி என் வாசலில் இறங்கி, உள்ளே அவருக்குச் சிகிச்சையைத் தொடங்கியது.

என் வீட்டிலிருந்து வெளியே வந்த வேரா அப்படியே நின்றுவிட்டாள். புது ஆற்றுக்கு அப்பால், நீஸினோவில், அவள் வீடு. வாசலில் நிறைமாத மகள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு கூப்பிட்டாள்.

"அக்கா, நாத்யாவுக்கு வலி வந்துடுச்சு! இறங்கு, நான் ஆத்தத் திருப்பணும்."

"உன் வீட்டுக்கு அந்தப் பக்கம் திருப்பணும்னா முதல்ல இந்த வெட்ட அடைக்கணும், அடைச்சா ஆறு மறுபடி கிழக்க போயிடும், மீட்பூர்தி பாதியில போட்டுட்டுப் போயிடும் வேரா. அவருக்கு முடியட்டும்."

"எப்ப முடியும்?"

எனக்குத் தெரியவில்லை. கேட்டதற்காக அவள் மேலேயே கோபம் வந்தது. அவள் நான் உட்கார்ந்திருந்த பொக்லைனின் கண்ணாடியில் ஓங்கி அடித்தாள். நான் அவளுடைய வண்டியின் கதவை உள்ளே தாழிட்டுக்கொண்டேன்.