எரியாத மருந்து

மனிதகுலம் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்க வேண்டிய பிரகடனம் ஒன்றை மருத்துவமனை இயக்குநர் வெளியிட்டார்: "நம்ம டயாலிசிஸ் பிரிவுல கிருமியே கிடையாது. இருந்தா, அது வெளியாள்."

வெளியாளோ உள்ளாளோ, கழுத்துக் குழாய் வழியே ரத்தம் சுத்திகரித்துக்கொள்ளும் மூன்று பேருக்குக் குளிர்க்காய்ச்சல் கண்டிருந்தது. ரத்தத்திலேயே கிருமி. அவர்களில் ஒருவரான தையற்காரர் தீவிர சிகிச்சைப் பிரிவில் நினைவின்றிக் கிடந்தார்.

துப்புத் துலக்க வந்தவர் கிருமித் தடுப்பு டாக்டர். எதையும் உற்றுப் பார்ப்பதால் 'பூதக்கண்ணாடி' என்று பட்டப்பெயர். உதவிக்குத் தலைமை நர்ஸ் தானாக முன்வந்தாள். தையற்காரர் அவளுடைய செல்ல நோயாளி. குற்றவாளியைக் கையும் களவுமாகப் பிடிக்காமல் விடுவதில்லை என்று கங்கணம் கட்டிக்கொண்டிருந்தாள்.

"தரை துடைக்கிறவதான் டாக்டர். வாளியைப் பாருங்க, கழுவின மாதிரியா இருக்கு?"

இயக்குநருக்கும் அது பிடித்திருந்தது. துப்புரவுப் பெண்ணை வேலையிலிருந்து தூக்குவது சுலபம்.

"தண்ணி சுத்தம், தரையும் சுத்தம்," என்றார் பூதக்கண்ணாடி. "மூணு பேர் ரத்தத்துலயும் ஒரே கிருமி, சிஸ்டர். மனுஷங்க மூக்குல, தொண்டையில குடியிருக்கிறது."

பிறகு ஒவ்வொரு நோயாளியிடமும் போய் ஓர் அசட்டுக் கேள்வி கேட்டார்: "குழாய் இறங்குற இடத்துல மருந்து தடவினா எரியுமா?"

"எரியுமாவா? உசுரே போகும்!" என்றார்கள் காய்ச்சல் வராதவர்கள்.

காய்ச்சலிலிருந்து தேறிய இருவர் மட்டும் சிரித்தார்கள். "எங்களுக்கு நம்ம சிஸ்டர்தானே போடுவாங்க. எரியவே எரியாது. தையற்காரரும் அதைத்தான் சொல்வாரு."

நர்ஸுக்குப் பெருமை பிடிபடவில்லை.

பூதக்கண்ணாடி எல்லோரையும் கூட்டினார். "மருந்து ஒண்ணுதான். தானா காயணும், காயிற வரைக்கும் எரியும். இந்த மூணு பேருக்கு மட்டும் ஏன் எரியலை?" அவர் நர்ஸைப் பார்த்தார். குரல் தணிந்தது. "நீங்க எப்படிம்மா காய வைப்பீங்க?"

"பாவம் டாக்டர், துடிப்பாங்க. மாஸ்க்கை இறக்கிட்டு, லேசா ஊதி..."

வாக்கியம் பாதியில் நின்றது. குவிந்த உதடுகள் குவிந்தபடியே இருந்தன. விழுந்து சிராய்த்துக்கொண்டு வந்த மகளின் முழங்காலில் ஊதிப் பழகிய உதடுகள். கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். இனிப் பொத்தி என்ன?

துப்புரவுப் பெண் நாற்காலியை இழுத்துப் போட்டாள். "உக்காருங்கக்கா."

அவள் நாலு வார்த்தை திட்டியிருக்கலாம் என்று நர்ஸுக்குத் தோன்றியது.

இயக்குநர் தொண்டையைச் செருமி, தமது நிர்வாகத்தின் இந்த மகத்தான கண்டுபிடிப்பைப் பாராட்டிப் பேசத் தொடங்கினார்.

மறுநாள் தையற்காரர் இறந்துபோனார்.