பதினேழாம் எண் சுனை

மூன்று வாரத்துக்கு ஒரு செவ்வாய்க்கிழமை ஜெபக்கனி பட்டுப்புடவை கட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போவாள். இப்படி ஜோடித்துக்கொண்டு ஊசி போட வரும் ஆளைத் தூத்துக்குடியே பார்த்ததில்லை என்று குருதிநோய்ப் பிரிவின் சிஸ்டர் பிரம்மசக்தி கேலி செய்வாள். ஜெபக்கனி கண்டுகொள்வதில்லை. பத்து வயதைத் தாண்டுமா என்று டாக்டர்கள் உதட்டைப் பிதுக்கிய உடம்புக்கு இப்போது முப்பத்தெட்டு. அதற்கு ஒரு பட்டு கட்டினால்தான் என்ன?

பிறவியிலேயே தலசீமியா. அவள் உடம்புக்கு நல்ல இரத்தம் உண்டாக்கத் தெரியாது. சின்ன வயதில் யாரோ கொடுத்தால்தான் அவளுக்குத் தெம்பு. குளிர்ப்பெட்டியிலிருந்து வரும் பையை அம்மா இரண்டு உள்ளங்கைக்குள் பொத்தி வைத்துச் சூடாக்குவாள். கொடுக்க ஆள் வராத வாரங்களில் பொத்தவும் ஒன்றும் இருக்காது.

இப்போது பிரிவின் கூடத்தில் இருநூற்றுப் பன்னிரண்டு குருதிச்சுனைகள் நிற்கின்றன. ஆளுயரக் கண்ணாடிக் குடுவைகள். ஒவ்வொன்றிலும் ஒரு நோயாளியின் மஜ்ஜையிலிருந்து எடுத்துக் குறை நீக்கிய செல்கள் அவருக்கான இரத்தத்தைச் சமைத்துக்கொண்டே இருக்கும். பதினேழாவது ஜெபக்கனியுடையது. சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தால் போதும். சுனை தானே குழாயை நீட்டி, தானே நரம்பைக் கண்டுபிடிக்கும். பிள்ளைகள் கதை கேட்டுக்கொண்டே ஏற்றிக்கொண்டு, முடிந்ததும் விளையாட ஓடிவிடுவார்கள். ஜெபக்கனிக்கு அதைப் பார்த்து அலுப்பதே இல்லை.

சுனைகளுக்கு ஓர் உடல்பூட்டு உண்டு. உரியவரின் நரம்புக்குள் குழாய் போய், ஆள் இவர்தான் என்று உறுதியானால்தான் ஒரு சொட்டு இறங்கும். பூட்டுக்குக் காரணமே ஜெபக்கனிதான். அவளுக்குப் பன்னிரண்டு வயதிருக்கும்போது பக்கத்துக் கட்டில் செல்வராணிக்கு வேறு யாருக்கோ வந்த பையை மாற்றி ஏற்றிவிட்டார்கள். செல்வராணி பிழைக்கவில்லை. சுனைகளை வடிவமைத்தபோது நோயாளிகள் சார்பில் எழுந்து நின்று, "எந்த டாக்டர் சொன்னாலும் தொறக்கக் கூடாது. சாவியே இருக்கக் கூடாது" என்று அடம்பிடித்தவள் அவள். அப்படியே செய்தார்கள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை அவள் கையில் குழாய் ஏறிய நேரத்தில் டாக்டர் செய்யது மீரான் உள்ளே ஓடிவந்தார். நடப்பதற்கே யோசிக்கிற மனிதர் அவர்.

"கீழ பிரசவ வார்டுல ஒரு பொண்ணு. பிள்ளை பொறந்துட்டு, ரத்தம் நிக்க மாட்டேங்கு. ஓ நெகட்டிவ்."

"ரத்த வங்கில கேளுங்க டாக்டர்" என்றாள் பிரம்மசக்தி, பழைய பாடம் ஞாபகத்தில்.

"அத மூடி பதினோரு வருசம் ஆச்சு சிஸ்டர்."

உண்மைதான். ஆபரேஷன் என்றால் பத்தொன்பது நாளுக்கு முன்பே அவரவருக்குத் தற்காலிகச் சுனை வைத்துவிடுகிறார்கள். சுகப்பிரசவத்துக்கு வைப்பதில்லை. அடுத்தவர் இரத்தம் யாருக்கும் தேவைப்படாததால் கொடுக்கும் வழக்கமும் போய்விட்டது. அவசரக் கையிருப்பு மதுரையில் இருக்கிறது. வான்தபாலில் வர ஒன்றரை மணி நேரம் ஆகும். கீழே கிடப்பவளுக்கு அவ்வளவு நேரம் இல்லை; ஓ நெகட்டிவ் ஆளைத் தேடிப் பரிசோதிக்கவும் நேரம் இல்லை.

"என் சுனைல ஓ நெகட்டிவ்தான இருக்கு. ஒடச்சி எடுங்க" என்றாள் ஜெபக்கனி.

"ஒடச்சா உள்ள இருக்கது அப்பவே கெட்டுப்போகும். நீங்க கேட்ட மாதிரிதான் செஞ்சிருக்கு."

அவர் குத்திக்காட்டவில்லை. ஆனாலும் அவளுக்குச் சுருக்கென்றது. செல்வராணிக்காகப் போட்ட பூட்டு இன்னொருத்தியைக் கொல்லப்போகிறது. அவள் தன் இடது கையைப் பார்த்தாள். பிறகு வலது கையைப் பார்த்தாள்.

"டாக்டர், இந்தக் கைல ஏறுன பொறவு அது என் ரத்தம்தான? அந்தக் கைல எடுத்தா யாரு தடுக்கா?"

"உங்க ரத்தத்துல தொத்து இருக்கான்னு பரிசோதனை போன வாரந்தான் எடுத்தோம், அதுல பிரச்சனை இல்ல. ஆனா உங்க இதயம் தாங்காது. பழைய ரத்தத்தோட இரும்பு சேர்ந்து நைஞ்சி கெடக்கு. ரெண்டு பை ஏத்திக்கிட்டே எடுத்தா நின்னாலும் நின்னுரும்."

"எனக்கு எழுநூறு பை ஏத்தியிருக்கு. குடுத்த ஆளு ஒருத்தரு பேருகூட எனக்குத் தெரியாது. எடுங்க."

பிரம்மசக்தி இதுவரை யாரிடமும் பை பையாக இரத்தம் எடுத்ததில்லை. சின்ன வயதில் வேடிக்கை பார்த்த ஞாபகத்தில் ஜெபக்கனிதான் சொல்லிக்கொடுத்தாள்: ரப்பரை மேலே கட்டுங்க, கையில் அமுக்க ஏதாவது கொடுங்க, பையைத் தாழ்வாக வையுங்க. சுனை உரியவருக்கே கொடுப்பதாக நம்பி இடது கையில் ஊற்றிக்கொண்டிருந்தது. வலது கை அதை இறக்கிக்கொண்டிருந்தது. இரண்டு கையும் மாட்டியிருந்ததால் டாக்டர் கழுத்தில் விரல் வைத்து நாடி பார்த்தார். இரண்டாவது பையின் பாதியில் துடிப்பு தடுமாறியது. நிறுத்திவிடலாம் என்றார். அவள் தலையை ஆட்டி மறுத்தாள். பயமாகத்தான் இருந்தது.

இறக்கிய பைகளைப் பிரம்மசக்தி கையில் வாங்கினாள். அவை வெதுவெதுப்பாக இருந்தன. யாரும் பொத்திச் சூடாக்க வேண்டியிருக்கவில்லை.

முக்கால் மணி நேரத்தில் கீழேயிருந்து சேதி வந்தது. இரத்தப்போக்கு நின்றுவிட்டது. சற்று நேரத்தில் அந்தப் பெண்ணின் கணவன் சுயம்பு மேலே வந்தான். கும்பிட்டான், அழுதான். பிறகு வரிசையாக நின்ற சுனைகளைப் பார்த்தான்.

"அக்கா, எங்க பாப்பாவுக்கும் இதுல ஒண்ணு வச்சிரலாமா?"

"நோய் இருந்தாத்தான் வைப்பாங்க தம்பி."

அவன் திருதிருவென்று விழித்தான். அந்தக் கூடத்தில் நோயாளி அல்லாத வெளியாள் அவன் ஒருவன்தான். அவசரத்துக்கு ஒரு சொட்டு சேமிப்பில் இல்லாதவனும் அவன்தான்.

பிரம்மசக்தி கேன்டீனிலிருந்து காபியும் பிஸ்கட்டும் வாங்கிவந்தாள். இரத்தம் கொடுத்தவர்களுக்கு அந்தக் காலத்தில் அதுதான் மரியாதை. பக்கத்து அறையில் அவர்கள் பிஸ்கட் கடிப்பதைக் கட்டிலிலிருந்து பார்த்து ஏங்கியவள் ஜெபக்கனி. ஒன்றை எடுத்து மெதுவாகக் கடித்தாள். அழுகை வந்தது, அழுதாள்.

சுயம்பு பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து சட்டைக் கையைச் சுருட்டினான்.

"எனக்கு பி பாசிட்டிவ்க்கா. இப்ப யாருக்கும் வேணும்னு சொல்லலியே?"

"உன் பொண்டாட்டிக்கும் காலைல வேண்டாமாத்தான இருந்துச்சி."

அவன் பிரம்மசக்தி கொண்டுவந்த ஊசியைப் பார்த்துக் கண்ணை இறுக்க மூடிக்கொண்டான். மற்றொரு கை தைரியத்துக்கு ஒரு பிஸ்கட்டைத் துழாவியது. ஜெபக்கனி பொட்டலத்தைத் தன் பக்கம் நகர்த்தி வைத்துக்கொண்டாள்.

"குத்துன பொறவுதான்."