பொடிச் சம்படத்தைத் தேடி

“இன்று ஐந்து மணியோடு இவளுக்கு இங்கே வேலை போய்விடும். நீங்கள் இந்தப் புகாரில் ஒரு கையெழுத்துப் போட்டால் போலீஸே வந்து கூட்டிக்கொண்டு போகும்!”

மேலாளர் பெல்மோந்தே பேனாவை அப்பாவிடம் நீட்டினார். குழாயில் தண்ணீர் வரவில்லை என்று புகார் செய்தால் ஆள் அனுப்புகிறேன் என்பாரே, அதே குரல்!

மெக்சிகோவின் கரீபியக் கடலோரத்தில் இருந்தது அந்த ரிசார்ட். வெளியே வெண்மணல், தென்னை, பச்சையும் நீலமுமாகக் கடல். உள்ளே காவல் அறையின் மூலையில், ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் ரொசால்பா உட்கார்ந்திருந்தாள். 214-ஆம் எண் அறையைத் துடைத்துப் பெருக்குகிறவள். வயது இருபத்திரண்டு இருக்கலாம். அழுது அழுது அவள் மூக்கு சிவந்திருந்தது.

அந்த அறையில்தான் ஹூஸ்டனிலிருந்து விடுமுறைக்கு வந்த நிறைமதியின் குடும்பம் தங்கியிருந்தது. நிறைமதிக்குப் பதினைந்து வயது, தம்பி கபிலனுக்குப் பன்னிரண்டு. அப்பா. பிறகு, சங்கரன்கோவிலிலிருந்து வந்திருக்கும் அப்பாவின் அக்கா கோமதி அத்தை. அவர் ஒரு பெண்கள் பள்ளியில் முப்பது வருடம் விளையாட்டு ஆசிரியையாக இருந்தவர். ஓய்வு பெற்ற பிறகும் கைப்பையில் விசில் இருக்கும்.

காணாமல் போனது அத்தையின் எட்டுப் பவுன் ரெட்டைவடச் சங்கிலி.

அறையில் இரும்புப் பெட்டகம் இருந்தது. ஆனால் நம் வீட்டுப் பெண்கள் நகையைப் பெட்டகத்திலா வைப்பார்கள்? அரிசிப் பானை இருக்கிறது, துவரம்பருப்பு டப்பா இருக்கிறது! காலையில் கடலில் குளிக்கப் போகுமுன் அத்தை சங்கிலியைக் கழற்றினார். பிளாஸ்டிக் கவரில் சுற்றினார். ஊரிலிருந்து கொண்டுவந்த எவர்சில்வர் சம்படத்தைத் திறந்து, இட்லிப் பொடிக்கு அடியில் புதைத்து, மேலே பொடியைச் சமமாகத் தட்டிவிட்டார். குளித்து, சாப்பிட்டு, மத்தியானம் இரண்டரைக்கு வந்து பார்த்தால் சம்படமே இல்லை!

“சங்கிலியக் காணல” என்றுதான் அத்தை சொன்னார். அப்பா அவசரக்காரர். வரவேற்பு மேசைக்கு ஓடி, “திருட்டு!” என்றார். அந்த ஒரு சொல் போதாதா? பத்தே நிமிடத்தில் ரொசால்பாவை இழுத்து வந்து உட்காரவைத்துவிட்டார்கள்.

“இன்று அந்த அறைக்குள் போனவள் இவள் ஒருத்திதான்” என்றார் பெல்மோந்தே, அவளைச் சுட்டிக்காட்டி.

ரொசால்பா தலையை வேகமாக ஆட்டினாள். அவளுக்கு ஸ்பானிஷ் மட்டுமே தெரியும். நிறைமதி பள்ளியில் நான்கு வருடம் ஸ்பானிஷ் படித்தவள். அருகில் போய்க் குனிந்தாள்.

“நான் துடைத்துக்கொண்டிருந்தபோது இரண்டு பேர் சோதனைக்கு வந்தார்கள்” என்றாள் ரொசால்பா. “விருந்தாளிகள் வெளிச் சாப்பாடு வைத்திருக்கக்கூடாதாம். அந்தப் பளபளப்பான டப்பாவை அவர்கள்தான் எடுத்துப் போனார்கள்.”

“இன்று சோதனையே நடக்கவில்லை!” பெல்மோந்தே மேசையைத் தட்டினார். “மிளகாய்ப் பொடிக்குள் தங்கம் வைத்தார்களாம், சோதனைக்காரர்கள் கொண்டுபோனார்களாம்! கையெழுத்துப் போடுங்கள் ஐயா!”

அப்பாவின் கை பேனாவை நோக்கிப் போயிற்று.

“ஏலே! கையெழுத்துப் போட்டியோ, கைய முறிச்சிருவேன்!” அத்தையின் குரலில் கண்ணாடி அதிர்ந்தது. “காணலன்னா காணல. திருட்டுன்னு நான் சொன்னேனா? நேத்து நம்ம செருப்பையெல்லாம் வாசல்ல வரிசையா அடுக்கி வச்ச புள்ள அவ. துண்ட மடிச்சு யானை செஞ்சு கட்டில்ல வச்சா. நான் அதுக்குப் பொட்டு வச்சதப் பாத்துட்டு எப்படிச் சிரிச்சா! அவளா எடுப்பா?”

“அப்ப யாருக்கா எடுத்தா?” என்றார் அப்பா, பரிதாபமாக.

“அதத்தான் தேடப் போறோம். நீ இங்கயே இரு. அந்த ஆளு அவள எங்கயும் கொண்டு போயிராம பாத்துக்கோ. ஏட்டி மதி, சோதனையில எடுக்கிற சாமான் எங்க போகும்னு கேளு!”

நிறைமதி கேட்டாள். ரொசால்பா ஒரு காகிதக் கைக்குட்டையை விரித்து வரைந்தாள். சலவைக்கூடம், அதன் பின்னால் வேலி, வேலியைத் தாண்டி அலையாத்திக் காடு, காட்டுக்கு நடுவே காயல். காயலின் அக்கரையில் ஒரு பெருக்கல் குறி போட்டாள். ரிசார்ட்டின் குப்பையும் சோதனையில் எடுத்த சாமானும் படகில் அங்கேதான் போகும். நான்கரை மணிக்கு லாரி வந்து அள்ளிப் போய்விடும்.

கபிலன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். மணி மூன்று ஐந்து!

மூவரும் ஓட்டமெடுத்தார்கள். நீச்சல்குளத்தைச் சுற்றி, பழச்சாறு உறிஞ்சிக்கொண்டு படுத்திருந்தவர்களைத் தாண்டி, சலவைக்கூடத்துக்குப் பின்னால் பாய்ந்தார்கள். அங்கே ஒரு மஞ்சள் கயிறு. கயிற்றின் முன்னால் ஒரு காவலாளி.

“நில்லுங்கள்! நீலப் பட்டை கட்டிய விருந்தாளிகள் இதைத் தாண்டக்கூடாது. உங்கள் பாதுகாப்புக்காகத்தான்.”

வந்த அன்றே மூவர் மணிக்கட்டிலும் ரிசார்ட்காரர்கள் நீலப் பட்டை மாட்டியிருந்தார்கள். அதைக் காட்டினால்தான் சோறு, தண்ணீர் எல்லாம். அத்தைக்கு முதல் நாளிலிருந்தே அதன்மேல் எரிச்சல்.

“என்ன சொல்லுதான்?”

“பட்டை கட்டுன விருந்தாளி போகக்கூடாதாம் அத்தை.”

“அப்படியா? கபிலா, நகவெட்டி வச்சிருக்கியால்லா?”

நறுக்! அத்தையின் பட்டை மணலில் விழுந்தது. நறுக், நறுக்! இன்னும் இரண்டு பட்டைகளும் விழுந்தன.

“இப்ப நான் விருந்தாளி இல்லன்னு சொல்லு. மாட்டுக்குக் கட்டுத மாதிரி கட்டிவிட்டுட்டு, எங்க போகணும் எங்க நிக்கணும்னு எனக்கே சொல்லுதானுவ!”

காவலாளிக்கு இப்படி ஒரு நிலைமைக்கு என்ன செய்வது என்று யாரும் சொல்லித் தந்திருக்கவில்லை. அவன் கீழே கிடந்த பட்டைகளைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மூவரும் கயிற்றுக்கு அடியில் நுழைந்துவிட்டார்கள்.

அலையாத்திக் காட்டுக்குள் வெயில் சட்டென்று மங்கியது. மரப்பாலம் வழுக்கியது. கொசுக்கள் மொய்த்தன. வேர்களின்மேல் முழ நீளத்துக்கு ஓர் உடும்பு போன்ற பிராணி படுத்திருந்தது. அவர்களைக் கண்டு கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை.

“படகு கிளம்பிருச்சு!” என்று கத்தினான் கபிலன்.

உண்மைதான். பாலம் முடிகிற துறையில் வெறும் அழுக்கு நீர் சுழன்றுகொண்டிருந்தது. தூரத்தில் கறுப்புப் பைகள் குவிந்த ஒரு மோட்டார் படகு போய்க்கொண்டிருந்தது. துறையின் ஓரத்தில் விருந்தாளிகள் துடுப்புப் போட்டு விளையாடுவதற்கான கயாக் படகுகள் கட்டியிருந்தன, மிதவைச் சட்டைகளும் தொங்கின. பக்கத்திலேயே ஒரு பலகை. பலகையில் முதலைப் படம்.

நிறைமதி அத்தையின் பக்கம் திரும்பினாள். “அத்தை, நீங்க வேணா இங்கயே...”

“பேசாத! சட்டையக் கொடு!”

சேலை முந்தானையை இடுப்பில் செருகி, அதன்மேல் ஆரஞ்சு மிதவைச் சட்டையை மாட்டிக்கொண்டு அத்தை நடுவில் ஏறி உட்கார்ந்தார். முன்னால் நிறைமதி, பின்னால் கபிலன். துடுப்புகள் இறங்கின. முதலில் படகு நின்ற இடத்திலேயே வட்டமடித்தது. ஆளுக்கொரு பக்கம் இழுத்தால் வேறென்ன செய்யும்?

ப்ர்ர்ர்! விசில் அலறியது. “ரெண்டு பேரும் சேந்து! இடம்! வலம்! இடம்! வலம்!”

படகு நேரானது. சீறிக்கொண்டு பாய்ந்தது. பாதிக் காயலைத் தாண்டியிருப்பார்கள். வலப்பக்கம் மிதந்த ஒரு கட்டை கண்ணைத் திறந்தது.

“மு... முதலை!”

“துடுப்ப வெளிய எடுங்க. ஆடாதீங்க!” அத்தையின் குரல் கிசுகிசுப்பாக மாறியிருந்தது. தண்ணீர் சொட்டும் சத்தம் மட்டும் கேட்டது. கட்டை மெல்ல நகர்ந்தது, நெருங்கியது. நிறைமதியின் கையில் கைக்குட்டை வரைபடம் வியர்வையில் நனைந்தது. முதலை தலையை உள்ளே இழுத்துக்கொண்டு படகுக்கு அடியில் வழுக்கிப் போயிற்று. மறுபக்கம் நான்கு குமிழ்கள் வந்தன. பிறகு ஒன்றுமில்லை.

“திரும்பிப் போயிடலாமா?” என்றான் கபிலன்.

நிறைமதிக்கு அந்தப் பிளாஸ்டிக் நாற்காலி நினைவுக்கு வந்தது. கோபம் வந்தது. “ஒரு பொய்யன் நாலு பேர் முன்னாடி அவளத் திருடின்னு சொல்றான். அவளால எழுந்திரிக்கக்கூட முடியல. நாம திரும்பிப் போறதா? துடுப்பப் போடுடா!”

அக்கரையில் தகரக் கொட்டகை ஒன்று நின்றது. பைகளைப் பிரிக்கும் இடம் அது. மூவரும் சேற்றில் குதித்து ஓடினார்கள். மணி நான்கு பத்து. நூறு பைகளாவது குவிந்து கிடந்தன! எதைப் பிரிப்பது, எதில் தேடுவது? நிறைமதிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அப்போதுதான் அத்தை தலையைத் தூக்கி மோப்பம் பிடித்தார்.

“ஏட்டி, பெருங்காய வாசன வருது!”

கொட்டகையின் பின்புறம் ஒரு தென்னை நிழல். அங்கே படகோட்டிக் கிழவர் ஒருவரும் பை பிரிக்கும் பெண்கள் இருவரும் வட்டமாக உட்கார்ந்து மாங்காய் தின்றுகொண்டிருந்தார்கள். கீற்றுக் கீற்றாக அரிந்த மாங்காய். அதன்மேல் செக்கச்செவேலென்று இட்லிப் பொடி! நடுவில் அத்தையின் சம்படம் மின்னியது.

“அது எங்களோடது!” நிறைமதி ஸ்பானிஷில் மூச்சிரைக்கக் கத்தினாள்.

கிழவர் பதறி எழுந்தார். அவர் பெயர் எவரிஸ்தோ. “அழிக்கச் சொல்லி அனுப்பினார்கள், மகளே. திறந்து முகர்ந்து பார்த்தேன். இவ்வளவு நல்ல சாப்பாட்டை அழிக்க மனசு வரவில்லை. உங்களுடையது என்று எப்படி நம்புவது?”

நிறைமதி சம்படத்தின் அடிப்பக்கத்தைக் காட்டினாள். புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டியிருந்தது: *சு. கோமதி, 14.6.1991*. பிறகு அத்தையின் கைப்பையிலிருந்து மூக்குக் கண்ணாடிக் கூட்டை எடுத்தாள். அதிலும் அதே பெயர், அதே எழுத்து. கிழவருக்குத் தமிழில் ஓர் எழுத்தும் தெரியாது. ஆனால் இரண்டும் ஒன்று என்பது தெரிந்தது. சிரித்துக்கொண்டே சம்படத்தை நீட்டினார்.

அத்தை பொடிக்குள் கையை விட்டார். அடிவரை விட்டார். கை வெளியே வந்தபோது பிளாஸ்டிக் கவருக்குள் ரெட்டைவடம்!

கபிலன் துள்ளிக் குதித்தான். நிறைமதியோ சம்படத்தின் பக்கவாட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் ஒரு வெள்ளைச் சீட்டு ஒட்டியிருந்தது. அதைப் படிக்கப் படிக்க அவள் காது சூடானது. “வெளி உணவு. அறை 214. காலை 10.20. அழிக்கவும்.” கீழே கையெழுத்து: பெல்மோந்தே.

“சோதனையே நடக்கலன்னானே! இவனேதான் கையெழுத்துப் போட்டிருக்கான், அத்தை! ஆளில்லாத நேரம் பாத்து அறைக்குள்ள ஆள விட்டிருக்கான். அது தெரிஞ்சா தன் பேர் கெட்டுரும்னு அவ தலையில கட்டியிருக்கான்!”

நிறைமதி நடந்ததையெல்லாம் சொன்னாள். எவரிஸ்தோவின் சிரிப்பு மறைந்தது. “நம் ரொசால்பாவையா?” என்று மட்டும் கேட்டார். அரிந்த மாங்காயை அப்படியே போட்டுவிட்டு மோட்டாரை முடுக்கினார். மூவரும் மோட்டார் படகில் ஏற, கயிற்றில் கட்டிய கயாக் பின்னால் துள்ளிக்கொண்டு வந்தது.

விருந்தாளி வாசலில் அவர்களை விடமாட்டார்கள். கையில் பட்டை இல்லையே! கிழவர் வேலைக்காரர்களின் வாசல் வழியாகக் கூட்டிப் போனார். “என்னோடு வேலை செய்கிறவர்கள்” என்றார். சேறும் சேலையுமாக நின்ற அத்தையைப் பார்த்துவிட்டு வாசல்காரன் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

மணி நான்கு ஐம்பத்தாறு. வேலை முடிந்த சமையல்காரர்கள், தோட்டக்காரர்கள், பெருக்குகிற பெண்கள் எல்லாரும் வீட்டுக்குப் போகும் பேருந்துக்காகக் காவல் அறை முன்னால் வரிசையில் நின்றார்கள். அத்தனை பேர் பார்க்க, பெல்மோந்தே ரொசால்பாவின் அடையாள அட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தார். அப்பா குறுக்கே நின்று என்னவோ கெஞ்சிக்கொண்டிருந்தார்.

ப்ர்ர்ர்ர்ர்! விசில் சத்தத்தில் வரிசை முழுவதும் திரும்பியது.

அத்தை நேரே போய், பெல்மோந்தே கையிலிருந்த புகார்த் தாளின்மேல் சம்படத்தைச் சாய்த்துப் பாதிப் பொடியைக் கொட்டினார். செந்தூள் பறந்தது. அதன் நடுவே சங்கிலியைத் தூக்கிக் காட்டினார். பெல்மோந்தே ஒரு தும்மல் தும்மினார். இரண்டு. மூன்று.

“இந்தச் சீட்டுல இருக்கிறது யார் கையெழுத்துன்னு கேளு மதி. எல்லாருக்கும் கேக்குற மாதிரி கேளு!”

நிறைமதி சீட்டை உரக்கப் படித்தாள். கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. பெல்மோந்தே கண்ணைத் துடைத்துக்கொண்டு அப்பாவின் பக்கம் திரும்பி ஆங்கிலத்தில் குழைந்தார். “சிறிய குழப்பம், ஐயா. உங்கள் குடும்பத்துக்கு இன்று இரவு சிறப்பு விருந்து தருகிறோம்...”

“ஏ! எங்களுக்கு எதுக்குய்யா விருந்து? எங்கள யாரு திருடன்னா?” அத்தை விரலை ரொசால்பாவின் பக்கம் நீட்டினார். “அவகிட்டச் சொல்லு! அவகிட்ட!”

பெல்மோந்தே சட்டையில் விழுந்த பொடியைத் தட்டினார். வாயைத் திறந்தவர் அப்பா. புகார்த் தாளைப் பிடுங்கி, பொடியோடு பொடியாகக் கிழித்தார். ரொசால்பாவின் முன்னால் போய்க் கைகூப்பினார்.

“முதல் தப்பு என்னோடதும்மா. தேடிப் பாக்குறதுக்கு முன்னாடி திருட்டுன்னு சொன்னவன் நான்தான். மன்னிச்சிரு.”

நிறைமதி அதை மொழிபெயர்த்தாள். இப்போது ஐம்பது ஜோடிக் கண்கள் பெல்மோந்தேயைப் பார்த்தன. பேருந்து ஹாரன் அடித்தது. ஒருவரும் ஏறவில்லை. அவர் அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுத்தார். “மன்னிக்கவும்” என்றார், தரையைப் பார்த்து.

“நிமிந்து பாத்துச் சொல்லச் சொல்லு” என்றார் அத்தை.

நிமிர்ந்து பார்த்துச் சொன்னார். அதன் பிறகுதான் பேருந்து கிளம்பியது.

மறுநாள் காலை அத்தை மீதிப் பொடியைச் சம்படத்தோடு எவரிஸ்தோவுக்கே கொடுத்தார், ரொசால்பாவுக்கும் பங்கு தரச் சொல்லி. பெயர் வெட்டிய பாத்திரத்தை அத்தை யாருக்கும் கொடுத்ததில்லை என்று அப்பா வாயைப் பிளந்தார். சங்கிலி இப்போது அத்தையின் கழுத்திலேயே கிடந்தது, கடலில் குளிக்கும்போதும்.

கடலிலிருந்து ஈரக்காலோடு திரும்பிய நால்வரும் அறை வாசலில் நின்றுவிட்டார்கள். செருப்புகள் வரிசையாக அடுக்கப்பட்டிருந்தன. கட்டிலில் துண்டால் செய்த யானைகள் நான்கு. ஒவ்வொன்றின் நெற்றியிலும் சிவப்பாக ஒரு பொட்டு. கபிலன் ஒன்றைத் தூக்கி முகர்ந்து பார்த்தான். அடுத்த நொடி பலமாகத் தும்மினான்.

அறைக்கு வெளியே யாரோ வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கும் சத்தம் கேட்டது.