நீலப் பெட்டியும் இன்ஸ்பெக்டரம்மாவும்

அவன் முதலில் பார்த்தது அவளுடைய கண்களைத்தான். அதில் அவன் தப்பு ஒன்றுமில்லை... தொழில் அப்படி. வாரத்தில் ஆறு நாள் கண்ணாடிக் கடையில் உட்கார்ந்து, வருகிறவர்களின் கண்களைச் சோதித்து பவர் எழுதிக் கொடுப்பவன். சிவந்த கண், சோர்ந்த கண், தூசி விழுந்த கண் எல்லாம் பார்த்தாயிற்று. ஆனால் ஒரு பழைய ஸ்பேனரை இத்தனை ஆசையாகப் பார்க்கிற கண்கள்... ம்ஹூம், இதுதான் முதல் தடவை!

ஞாயிற்றுக்கிழமைக் காலை. பழைய சாமான் சந்தைக்கு மேலே மழை வரலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது. தார்ப்பாய் விரித்து, அப்பாவின் நீல டூல்ஸ் பெட்டியைத் திறந்து வைத்திருந்தான். மெக்கானிக்கான அப்பாவுக்குக் கை நடுங்க ஆரம்பித்து இரண்டு வருடம் ஆகிறது. "சாமான் துருப்பிடிச்சுப் போகக் கூடாதுடா. வேலை தெரிஞ்ச கையாப் பார்த்துக் குடு" என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

வேலை தெரிந்த கை எப்படி இருக்கும் என்று அதுவரை அவனுக்குத் தெரியாது.

அவள் ஒவ்வொரு டிராயரையும் முழுசாக இழுத்தாள். பின்மூலை வரை விரலை விட்டுத் துழாவினாள். பையிலிருந்து புது நட்டு ஒன்றை எடுத்து, ஒவ்வொரு ஸ்பேனரின் வாயிலும் வைத்து ஆட்டிப் பார்த்தாள். வாய் அகன்றதை ஒதுக்கினாள். நட்டின் தலையில் கவிழ்த்துத் திருப்புகிற சாக்கெட்டுகளை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து விரிசல் தேடினாள். அவற்றை மாட்டித் திருப்பும் பல்சக்கரப் பிடியான ராட்செட்டைக் காதோரம் வைத்து மெல்லத் திருப்பினாள்... கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். இமை மேல் விழுந்த முதல் துளியைக்கூடத் துடைக்கவில்லை.

'அந்த ராட்செட்டாகப் பிறந்திருக்கலாம்' என்று நினைத்தவன், அப்படி நினைத்ததற்காகத் தன்னையே திட்டிக்கொண்டான்.

"காதுல வச்சா என்னங்க சொல்லும்?"

"பல்லு தேஞ்சிருந்தா திக்கும். பாதி இறுக்கும்போது வழுக்கி, நம்ம கை போய் இரும்புல மோதும்." புறங்கைத் தழும்பைக் காட்டினாள். "கேக்காம வாங்கினதுக்குக் கிடைச்ச பரிசு."

"இது திக்குதா?"

"பாடுது!" என்று சிரித்தாள். மழை இன்னும் இரண்டு துளி போட்டது.

பக்கத்தில் பழைய சைக்கிள் விற்பவர் அவன் காதைக் கடித்தார். "அது யாருன்னு நினைச்சீங்க? நம்ம சந்தை இன்ஸ்பெக்டரம்மா. மெக்கானிக். அது சரின்னு ஒரு வார்த்தை சொன்னா, மத்தவங்க யோசிக்காம வாங்குவாங்க."

இன்ஸ்பெக்டரம்மா ஒரு ஸ்பேனரைத் திருப்பிப் பார்த்தாள். இன்னொன்றை. அடுத்ததை. சிரிப்பு அப்படியே அணைந்தது.

"இதெல்லாம் யாரோடது?"

"எங்கப்பாவோடது."

"அவர் போட்ட அடையாளம் எங்க? தன் சாமான்ல தன் குறியை வெட்டி வைக்காத மெக்கானிக் கிடையாது. இதுல அந்த இடமெல்லாம் தேய்ச்சு எடுத்திருக்கு."

"நான்தாங்க தேய்ச்சேன். கிறுக்கலா, அசிங்கமா இருந்துச்சு. நம்ம கடையில லென்ஸ் தேய்க்கிற சக்கரம் இருக்கு, அதுல வச்சு..."

"ஓ, சக்கரமே இருக்கா!" அவள் குரல் சந்தையின் கடைசித் தார்ப்பாய் வரை போனது. "ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி என் பெட்டி களவு போச்சு. என் ஸ்பேனர் ரெண்டை இதே சந்தையில, இதே மாதிரி மழுமழுன்னு பார்த்தேன். இது திருட்டுப் பெட்டி! யாரும் வாங்காதீங்க!"

அவ்வளவுதான். கூட்டம் கலைந்தது. மழை பிடித்துக்கொண்டது. அவன் பதில் பேச வாயெடுத்தபோது அவள் தெருமுனையில் இருந்தாள். கோபம் வந்திருக்க வேண்டும். வந்தது... ஆனாலும் அந்தக் கண்கள் கூடவே வந்து தொலைத்தன.

மறுநாள் தாய்மாமாவின் ஒர்க் ஷாப்பில் சட்டைப்பையைத் துழாவியவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. கிரீஸ் அப்பிய ஒரு பத்தாம் நம்பர் சாக்கெட்! டிராயரின் பின்மூலையிலிருந்து எடுத்தது... வாய் சண்டை போட்டதில் கை தானாகப் பைக்குள் போட்டிருக்கிறது. துடைத்துப் பார்த்தாள். சக்கரத்தின் கண்ணில் படாமல் தப்பிய மூன்று புள்ளிகள் அதில் இருந்தன.

"அட, பிரேக்குக்காரர் குறியாச்சே!" என்றார் மாமா. "பிரேக் வேலைக்கே பேர் போனவர், தங்கமான மனுஷன். அடுத்தவன் நட்டு ஒண்ணு அவர் பையில இருக்காது. கை நடுங்குதுன்னு வேலையை விட்டுட்டார். பையன் கண்ணாடிக் கடை வச்சிருக்கான்... ஏம்மா, முகம் ஏன் இப்படிப் போகுது?"

மூன்று நாள் தள்ளிப்போட்டாள். நாலாம் நாள் கண்ணாடிக் கடைக் கதவைத் தள்ளினாள்.

"உக்காருங்க" என்றான் அவன், தலை நிமிராமல். "பார்வையில என்ன கோளாறு?"

"நல்ல மனுஷன் திருடன் மாதிரித் தெரியுறாரு."

நிமிர்ந்தான். மேஜை மேல் சாக்கெட்டை வைத்தாள். "திருட்டுப் பொருள். இந்தத் தடவை திருடினது நான்."

சிரித்துவிடக் கூடாது என்று அவன் உதட்டைக் கடித்துக்கொண்டான். பிறகு சிரிப்பு தானாகவே போய்விட்டது. "என்னைச் சொன்னதுகூடப் பரவாயில்லைங்க. அன்னிக்கே யாரோ அப்பாகிட்டச் சொல்லிட்டாங்க. பிரேக்குக்காரர் வீட்டுல திருட்டுச் சாமானான்னு. அன்னிலேருந்து மனுஷன் வாசப்படி தாண்டல."

"அவர்கிட்ட வந்து மன்னிப்புக் கேக்கறேன்."

"வீட்டுக்குள்ள கேட்டா ஊருக்கு எப்படித் தெரியும்? சத்தமாச் சொன்ன இடத்துல, சத்தமாச் சொல்லணும்."

அவளுக்குச் சுருக்கென்றது. சந்தையில் நின்று 'நான் சொன்னது தப்பு' என்று சொல்வதா? அடுத்த மாதம் சொந்த ஒர்க் ஷாப் திறக்கப் போகிறாள். அவள் சொல்லை நம்பித்தான் நாலு பேர் வண்டி விடுவதாக இருக்கிறார்கள். அந்தச் சொல்லே பொய்த்ததென்றால்?

"அதெல்லாம் என்னால முடியாது!" என்று எழுந்து போய்விட்டாள்.

போனாளே தவிர, வேலை ஓடவில்லை. ஒரு பெரியவர் வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடக்க, தான் மட்டும் நல்ல பேரோடு கடை திறப்பதா... சீ என்றிருந்தது. சனிக்கிழமை கண்ணாடிக் கடைக்குப் போன் வந்தது. "நாளைக்குப் பெட்டியைக் கொண்டு வாங்க. அப்பாவையும்." பதிலுக்குக் காத்திராமல் வைத்துவிட்டாள்.

அப்பாவைக் கிளப்புவதற்குள் அவனுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. சந்தையில் அவர் தலை குனிந்தபடி தார்ப்பாய் ஓரத்தில் நின்றார். நடுங்கும் கைகளைப் பின்னால் கட்டியிருந்தார்.

அவள் வந்தாள். ஒரு மரப்பெட்டி மேல் ஏறினாள். முகம் வெளுத்திருந்தது, குரல் மட்டும் அதே குரல்.

"எல்லாரும் கேளுங்க! போன வாரம் இந்த நீலப் பெட்டியைத் திருட்டுப் பெட்டின்னு சொன்னேன். தப்பு என்னோடது. இது பிரேக்குக்காரர் சாமான். குறி தேய்ஞ்சிருந்தா சந்தேகப்படணும், சரிதான். ஆனா விசாரிச்சிட்டுத்தான் வாயைத் திறக்கணும். நான் விசாரிக்கல. ஐயா... என்னை மன்னிச்சிடுங்க."

சைக்கிள்காரர்தான் முதலில் வாயைத் திறந்தார். "தப்பைக் கூட இப்படி நிமிர்ந்து சொல்ற பொண்ணுகிட்டத்தான் இனிமே என் வண்டிய விடுவேன்!"

அவன் அவளையே பார்த்தான். ராட்செட்டைக் கேட்டபோது அழகாக இருந்தாள். இப்போது... அழகு என்ற சொல் போதவில்லை.

பெரியவர் கைகளை முன்னால் கொண்டுவந்தார். நடுங்கினால் நடுங்கட்டும் என்று அவள் தலையில் வைத்தார். "வேலை தெரிஞ்ச கைதான்மா கேட்டேன். நல்ல மனசும் சேர்ந்தே கிடைச்சிருக்கு. எடுத்துக்க. இன்னும் ஏதாவது பார்க்கணுமா? கேக்கணுமா?"

"சாமான்ல எந்தக் குறையும் இல்லைங்கய்யா..." அவள் அவன் பக்கம் திரும்பினாள். அத்தனை பெரிய குரல் எங்கே போயிற்றோ... தரையைப் பார்த்துக்கொண்டு, உதடு அசைவதே தெரியாமல் சொன்னாள். "எனக்கு... உங்களைப் பிடிச்சிருக்கு."

அவன் சிலை மாதிரி நின்றான்.

"டேய்!" அப்பாவுக்குப் பொறுக்கவில்லை. "அந்தப் பொண்ணு உன்னைப் பிடிச்சிருக்குன்னு சொல்லுது. இந்த வயசுல எனக்கே கேட்டுது, உனக்குக் கேக்கலியா?"

"கேட்டுதுப்பா" என்றான் அவன், அவள் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமல். "இன்னொரு தடவை சொல்ல மாட்டாங்களான்னுதான் நிக்கறேன்."